கல்வி உளவியலாளர் ஒருவரின் தாள்களையும் உரைகளையும் ஆவணப்படுத்துவது எப்படி?

பெங்களூரின் அல்சூர், மல்லேசுவரம், ஜெயநகர் போன்ற பகுதிகளில் பழைய தனிவீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறும்போது, அங்கே வாழ்ந்த ஆசிரியர்களின் தாள்கள் பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்கே போய்ச் சேருகின்றன. அந்த ஆசிரியர் ஒரு கல்வி உளவியலாளராக இருந்திருந்தால் இழப்பு இன்னும் பெரிது. வகுப்பில் ஒரு பிள்ளை ஏன் தடுமாறுகிறது என்று வாழ்நாளெல்லாம் கவனித்த ஒருவர் அச்சில் விட்டுச் சென்றவை சில கட்டுரைகளாகவே இருக்கலாம். மற்றவையெல்லாம் கைக்குறிப்புகளிலும், ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் ஆற்றிய உரைகளின் கேசட்டுகளிலும் கிடக்கும். அவற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்கும் குடும்பத்தினருக்கும் மாணவர்களுக்கும் இந்த வழிமுறைகள் உதவும்.

தாள்களை உடனே வகை பிரிக்க உட்காராதீர்கள். ஒவ்வோர் அலமாரியையும், ஒவ்வொரு தட்டையும் இருக்கிறபடியே படம் எடுத்து, பெட்டிகளுக்கும் கோப்புகளுக்கும் பென்சிலால் எண் இடுங்கள். கடிதங்களை ஒருபுறமும் கட்டுரைகளை ஒருபுறமும் அடுக்கிவிட்டால் பார்ப்பதற்கு ஒழுங்காகத் தோன்றும். ஆனால் அவர் வேலை செய்த விதம் அத்தோடு அழிந்துவிடும். ஒரு பிள்ளையின் சோதனைத் தாள், தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகல், ஓர் உரைக்கான குறிப்பு ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தால், அந்தப் பிள்ளையைப் பார்த்த அனுபவத்திலிருந்துதான் அந்த உரை பிறந்தது என்பதற்கு அந்தக் கலப்பே சான்றாக இருக்கக்கூடும். ஆவணக் காப்பாளர்கள் மூல ஒழுங்கை அவ்வளவு பிடிவாதமாகக் காப்பது இதனால்தான்.

அடுத்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். பெட்டி எண், கோப்பு எண், பொருள், மொழி, ஆண்டு ஆகியவை இருந்தால் போதும். ஆண்டு எழுதப்படாத தாள்களே அதிகம் இருக்கும். அவற்றின் காலத்தைக் கணிக்கத் தாளிலேயே தடயம் தேடலாம். முகவரியில் 560008 என்பது போன்ற ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால், அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தைய தாள். கடிதத் தலைப்பில் மைசூர் மாநிலம் என்று அச்சிட்டிருந்தால், அந்தத் தலைப்பு 1973 நவம்பரில் கர்நாடகம் என்று பெயர் மாறுவதற்கு முன் அச்சானது. மீந்த தாள்களைப் பிறகும் பயன்படுத்தியிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கணித்து எழுதும் ஆண்டைச் சதுர அடைப்புக்குள் இட்டு, காரணத்தையும் அருகிலேயே குறித்துவிட வேண்டும்.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்லர் பின், ரப்பர் பேண்டு ஆகியவற்றைப் பொறுமையாக எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது. பழைய ஃபேக்ஸ் தாள்களில் எழுத்து மங்கிக்கொண்டே போகும் என்பதால் அவற்றை முதலில் நகலெடுங்கள்.

எல்லாவற்றிலும் மிகுந்த கவனம் தேவைப்படுவது பிள்ளைகளின் பதிவுகளில்தான். நம் பகுதியில் பணியாற்றிய உளவியலாளரின் அலமாரியில் பினே–காமத் சோதனை, பாட்டியாவின் செயற்சோதனைத் தொகுதி, மாலின் சோதனை ஆகிய நுண்ணறிவுச் சோதனைகளின் பதிவுத் தாள்கள் இருக்க வாய்ப்புண்டு. அவற்றில் பிள்ளையின் பெயர், பள்ளி, மன வயது, நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) எல்லாம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்து இதே ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். எட்டு வயதில் ஒருவர் பெற்ற எண்ணை ஊருக்குக் காட்டும் உரிமை நமக்கு இல்லை. இத்தாள்களைத் தனிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். அவை முதலில் எந்தக் கோப்பில் இருந்தனவோ அங்கே ஒரு குறிப்புச் சீட்டை வைத்தால் மூல ஒழுங்கும் கெடாது. பொதுப் பட்டியலில் பெயருக்குப் பதிலாக எண்ணை மட்டும் எழுதுங்கள். மூலத் தாளில் மை பூசிப் பெயரை அழிக்காதீர்கள். மறைப்பதை நகலில் செய்யலாம். சோதனை வினாக்களையும் இணையத்தில் ஏற்றக் கூடாது. வினாவை முன்கூட்டியே பார்த்த பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணால் எவருக்கும் பயனில்லை.

பிரெஞ்சு உளவியலாளர் பினேயின் சோதனையை வி. வி. காமத் 1934-இல் தகவமைத்தது கன்னடத்துக்கும் மராத்திக்கும்தான். ஆகவே, பெங்களூரின் தமிழ்ப் பிள்ளைகளுக்காக அதன் வினாக்களைத் தமிழில் எழுதி வைத்த கைச்சீட்டு ஏதேனும் அகப்பட்டால், அதைச் சாதாரணத் துண்டுத்தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுவும் பூட்டிய பெட்டிக்கே உரியது என்றாலும், பட்டியலில் அதற்கென்று தனிப் பதிவு வேண்டும்.

இனி உரைகள். நான் ஒழுங்குபடுத்திய ஒரு தொகுப்பில், உரைக்கான நோட்டில் "க – நான்கு எழுத்து" என்று ஒரே வரி இருந்தது. கேசட்டில் அந்த வரிக்கு அவர் கால் மணி நேரம் பேசுகிறார்: தமிழில் ஒரே ககரம், கன்னடத்தில் அதற்கு நான்கு எழுத்துகள், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை கன்னட வகுப்பில் அவற்றை மாற்றி எழுதினால், அதைக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்துவதற்கு முன் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் தாய்மொழியைக் கேட்டறிய வேண்டும் என்கிறார். கேசட் இல்லாமல் அந்த நோட்டுக்குப் பொருளே இல்லை. எனவே குறிப்பையும் ஒலிப்பதிவையும் ஒரே எண்ணால் இணையுங்கள். நம் பகுதியில் உளவியலுக்கும் குரலுக்கும் பழைய உறவு உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-இல் தம் வீட்டிலிருந்தே வானொலி நிலையம் நடத்தியவர். ஆகாசவாணி என்ற பெயர் முதலில் அந்த நிலையத்துக்கு இடப்பட்டதுதான்.

கேசட்டைத் தொட்டதும் அதன் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறுதலாகவும் அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. நாடாவில் பூஞ்சை தெரிந்தால் ஓடவிடாமல் வல்லுநரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ளதை ஒருமுறை முழுவதும் சுற்றித் தளர்த்தி, டெக்கின் (கேசட்டை ஓட்டும் கருவியின்) ஹெட்டைச் சுத்தம் செய்த பிறகு ஓடவிடலாம். பழைய டெக் தேவைப்பட்டால் பெங்களூர் எஸ். பி. ரோட்டின் மின்னணுக் கடைகளில் விசாரியுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதிந்து அதை மூலமாக வையுங்கள். கேட்பதற்கு எம்பி3 நகல் போதும். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம் என்பதால், உரை பாதியில் அறுந்து மறுபக்கத்தில் தொடர்வதைப் பட்டியலில் குறியுங்கள்.

எழுத்தில் பெயர்க்கும்போது பேசியபடியே எழுதுங்கள். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் எடுத்துக்காட்டுச் சொல்லி, ஆங்கிலத்தில் முடிப்பது இவ்வூர்ப் பேச்சு. அதைத் தூய தமிழாக்கினால் பேசியவர் காணாமல் போய்விடுவார். இறுதியில் ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளையும் விடாதீர்கள், அந்தக் காலத்து வகுப்பறை அவற்றில்தான் நேராகப் பேசுகிறது. பிள்ளையின் பெயர் வரும் இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்து, பொதுநகலில் மட்டும் ஒலியை அடக்குங்கள்.

தாள்களை 400 டிபிஐ அளவில், கண்ணாடிப் பரப்புள்ள ஸ்கேனரில் எடுங்கள். தானாக இழுக்கும் இயந்திரம் பழந்தாளைக் கிழிக்கும். நகல்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

தொகுப்பை ஒரு காப்பகத்திடம் ஒப்படைப்பதற்கு முன் உரிமையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அவர் காலத்திலேயே வெளியான எழுத்தின் உரிமை, அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பொதுமேடையில் ஆற்றிய உரையின் முதல் உரிமையாளர் பேசியவரே. ஒலிப்பதிவுக்கான உரிமை வேறு. பணியின் பகுதியாக நிறுவனத்துக்கு எழுதியவை அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கலாம். பெங்களூரில் 2019-இல் திறக்கப்பட்ட தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆவணக் காப்பகம் தற்கால இந்திய அறிவியலின் வரலாற்றுக்கானது; அங்கே கேட்டுப் பார்க்கலாம். தமிழ்த் தாள்கள் மிகுந்திருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் அணுகிப் பார்க்கலாம். எங்கே கொடுத்தாலும், தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, பூட்டிய பெட்டியை இன்ன ஆண்டுவரை திறக்கக் கூடாது, விதிவிலக்கு வேண்டினால் யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் ஒப்படைப்புக் கடிதத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பின்பே பெட்டிகளை அனுப்புங்கள்.