சிலப்பதிகாரத்தை மதுரையோடு மூடிவிடாதீர்கள்

சிலப்பதிகாரத்தில் யார் யார் சாகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கோவலன், பாண்டியன், கோப்பெருந்தேவி என்று மூன்று விரல் மடங்கும். "அப்புறம் மதுரையே எரிஞ்சு போச்சே" என்பார். பாடப்புத்தகமும் பட்டிமன்றமும் சினிமாவும் சேர்ந்து நமக்குக் கொடுத்திருக்கும் கதை அவ்வளவுதான். நூலைக் கையில் எடுத்து வாசித்தால், கொலை ஒன்று நடந்தபின் அது எங்கெல்லாம் போய் யாரையெல்லாம் தொடுகிறது என்று இளங்கோவடிகள் பொறுமையாகக் கணக்கு எழுதி வைத்திருப்பது தெரியும். அந்தக் கணக்கைத் தவறவிடும் இடங்கள் சில உண்டு.

எல்லோரும் செய்வது, மதுரை எரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது. மொத்தம் 30 காதைகள், அதாவது அத்தியாயங்கள். மதுரை எரியும் அழற்படு காதை 22-வது. மிச்சமிருக்கும் எட்டைத் தேர்வுக்குப் படிப்பவர்கள்கூட மேலோட்டமாகத்தான் புரட்டுகிறார்கள். கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி நள்ளிரவில் தீயில் விழுகிறாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர் விடுகிறார். புகார் நகரத்தில் கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் இறக்கிறார்கள். தந்தையர் இருவரும் துறவு பூணுகிறார்கள். ஒருவர் பௌத்தர் பக்கம், மற்றவர் ஆசீவகம் என்ற பழைய சமயத்தார் பக்கம். இந்தச் சாவுகளில் எதற்கும் வாளோ கத்தியோ தேவைப்படவில்லை. மாடலன் என்கிற மறையவன் புகாருக்குப் போய்ச் செய்தி சொன்னான், அவ்வளவுதான். தான் சொல்லக் கேட்டவர்கள் இறந்துவிட்டார்களே, அந்தப் பாவம் தீர வேண்டுமே என்று அவன் கங்கையாடக் கிளம்புகிறான். சேதி சொன்னவனுக்கே இவ்வளவு உறுத்தல்.

அடுத்தது, பழியை ஒரே ஆளின் தலையில் கட்டுவது. பட்டிமன்றத்துக்கு இது வசதி: குற்றவாளி பொற்கொல்லனா, பாண்டியனா? கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்தால் இந்தக் கேள்வியே கொஞ்சம் தள்ளாடும். ஊடலில் இருக்கும் தேவியைத் தேற்ற அரசன் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து, கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டு நடக்கிறான். கொல்வதற்காகக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல வந்தவன் நா தவறிவிட்டான் என்றொரு விளக்கமும் உண்டு. இருக்கட்டும்.

காவலர்கள் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள். "கொலைப்படு மகன் அலன்" என்கிறார்கள். ஆளைப் பார்த்தால் வெட்டத்தக்கவனாகத் தெரியவில்லை என்று காவலர்களே சொல்கிறார்கள்! பொற்கொல்லன் விடவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று திருடர்கள் கைக்கொள்ளும் எட்டு வழிகளை எடுத்துவிடுகிறான். கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனுக்குத் தன் அனுபவம் நினைவுக்கு வருகிறது: மழைக்கால நள்ளிரவு, நீல உடை, கையில் உளியோடு ஒரு திருடன், தான் உருவிய வாளையே பறித்துக்கொண்டு மாயமாகிவிட்டானாம். கதையைச் சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று மற்றவர்களைக் கேட்கிறான். பதில் வருவதற்குள் "கல்லாக் களிமகன் ஒருவன்" வாளை வீசிவிட்டான். எழுத்தறியாத குடிகாரன். அவனுக்குப் பெயர்கூட இல்லை. சந்தேகம் வந்தவர்களும் இருந்தார்கள், யோசனை கேட்டவனும் இருந்தான். யோசிக்காதவன் கைதான் முந்தியது. கும்பல் சேர்ந்து ஒருவனை அடித்துக் கொன்ற செய்தியைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வரும்.

வழக்குரை காதையிலும் இளங்கோ இந்தத் தடயத்தை விடவில்லை. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மணி தெறிக்கிறதே, எங்கே? "மன்னவன் வாய்முதல்". ஆணை புறப்பட்ட அதே வாய்.

'எல்லாம் ஊழ்' என்று முடித்துவிடுவதும் நடக்கிறது. முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்தான், நகை விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைநாட்டு ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான் என்று மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு அரசனை விடுவித்துவிடுபவர்கள் உண்டு. ஆனால் நூலின் முன்னுரையான பதிகம் முதலில் வைப்பது, அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதைத்தான். அதோடு இந்த முற்பிறவிக் கதையிலும் இருப்பது பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காத அரசு, அழுதுகொண்டு அலைகிற ஒரு மனைவி. அதே வழக்கு, வேறு ஊர்.

இப்போது நான் அதிகம் வருந்தும் இடத்துக்கு வருகிறேன். பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோய் பரவுகிறது. கொற்கையில் இருந்த பாண்டியர் குலத்து வெற்றிவேற் செழியன், பத்தினியான கண்ணகிக்குச் சாந்தி செய்ய, பொற்கொல்லர் 1000 பேரைக் கொல்கிறான். நீர்ப்படைக் காதை "ஈரைஞ்ஞூற்றுவர்" என்று எண்ணிக்கையைத் தெளிவாகவே சொல்கிறது. ஒருவன் செய்த திருட்டுக்கு அந்தத் தொழில் செய்த ஆயிரம் பேர், ஒரே பகலில். விசாரணையின்றிச் செத்த ஒருவனுக்கு விசாரணையின்றிச் செத்த ஆயிரம் பேர் பரிகாரம்! அப்புறம் மழை பெய்தது என்றும் நூல் சொல்கிறது. கண்டித்து ஒரு வரி கிடையாது. மழை பெய்ததே என்று நாமும் நகர்ந்துவிடுகிறோம். மேடைகளில் கண்ணகி கேட்ட நீதியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த ஆயிரம் பேரை ஒரு வாக்கியத்தில்கூடத் தொடுவதில்லை. நூல் சும்மா இருக்கிறது என்பதற்காக வாசகரும் சும்மா இருக்க வேண்டியதில்லை.

சேர மன்னன் செங்குட்டுவனின் வடதிசைப் போரை வெறும் வீரப்பெருமையாகப் படிப்பதும் இப்படித்தான். பாண்டியன் கதையைக் கேட்டதும், மக்களைக் காக்கும் அரச குடியில் பிறப்பது துன்பமே தவிரத் தொழத்தக்கது அல்ல என்று உருகியவன் அவன். அவனேதான் பத்தினிக்குச் சிலை வடிக்க இமயத்தில் கல்லெடுக்கப் படையோடு கிளம்புகிறான். தேவாசுரப் போர் 18 ஆண்டு, இலங்கைப் போர் 18 மாதம், பாரதப் போர் 18 நாள், இவன் போர் 18 நாழிகை என்று ஒப்பிடும்போதே, அவை உயிர்த்தொகை உண்டவை, கூட்டம் கூட்டமாக உயிர்களைத் தின்றவை என்றும் நூல் சொல்லிவிடுகிறது. தோற்றுத் தவவேடத்தில் தப்பியோடிய வடநாட்டவர்களைப் பிடித்துவந்து காட்டியபோது அன்றைய சோழனும் பாண்டியனும் முகம் சுளிக்கிறார்கள். செங்குட்டுவன் கண் சிவக்கிறது. அங்கே குறுக்கே வருபவன் அதே மாடலன். ஆட்சிக்கு வந்து ஐம்பது ஆண்டாகியும் அறக்கள வேள்வி செய்யாமல் மறக்கள வேள்வியே செய்துகொண்டிருக்கிறாய் என்கிறான். அதன்பின் சிறைக்கதவுகள் திறக்கின்றன.

1968-ல் மெரினாவில் வைத்த கண்ணகி, கையில் சிலம்போடு இன்னும் வழக்காடிக்கொண்டு நிற்கிறாள். 29-வது காதையில், சேரர் தலைநகரான வஞ்சியில், அவள் தெய்வ வடிவில் செங்குட்டுவன் முன் தோன்றுகிறாள். பாண்டியனைப் பற்றித்தான் முதல் பேச்சு: "தென்னவன் தீதிலன்." அவன் இப்போது இந்திரன் அரண்மனையில் நல்விருந்தாக இருக்கிறானாம். அடுத்த சொற்கள்: "நான் அவன்தன் மகள்."