வரி மதிப்பீட்டை எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை: பினாங்கு, கோலாலம்பூர் சிறு வணிகர்களுக்கான செய்முறை விளக்கம்

ஜார்ஜ்டவுன் லெபோ பசாரிலோ கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவிலோ கடை நடத்தும் ஒருவருக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்திலிருந்து, அதாவது எல்எச்டிஎன்னிலிருந்து, கூடுதல் மதிப்பீட்டு அறிவிப்பு வந்துவிட்டால், அவர் முதலில் கேட்பது "இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?" என்பதைத்தான். முடியும். ஆனால் உயர்நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய வழக்கு அங்கே போன பிறகு உருவாவதில்லை. அது முதலில் உங்கள் கணக்குக் கோப்பிலும், பிறகு வரி மேல்முறையீடுகளை விசாரிக்கும் வருமான வரிச் சிறப்பு ஆணையர்கள் முன்னிலையிலும் உருவாகிறது. அந்த இரண்டு இடங்களில் விட்டதை உயர்நீதிமன்றத்தில் பிடிக்க முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ள படிகளைப் படியுங்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். லெபோ பசாரில் மசாலைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் வங்கிக் கணக்கில், அவர் காட்டிய விற்பனையைவிட 1,80,000 ரிங்கிட் அதிகமாக வரவு வைக்கப்பட்டிருப்பதைத் தணிக்கை அதிகாரிகள் காண்கிறார்கள். அந்தத் தொகை முழுவதையும் மறைத்த விற்பனையாகக் கொண்டு, வரியும் அபராதமும் சேர்த்து அறிவிப்பு அனுப்புகிறார்கள். அதில் ஒரு பகுதி தம்பி கொடுத்த கடன், மற்றொரு பகுதி தந்தையின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் என்கிறார் கடைக்காரர்.

முதல் படி: அறிவிப்பில் உள்ள தேதியையும் மதிப்பீட்டு ஆண்டையும் பாருங்கள்

தொகையைப் பார்த்துக் கலங்குவதற்கு முன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, அறிவிப்பு உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்கிறது. கடிதம் என்றைக்குக் கைக்கு வந்தது என்று பின்னால் வாதாடுவதைவிட, அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்தே எண்ணத் தொடங்குவது பாதுகாப்பானது. உறையையும் தூக்கி எறிய வேண்டாம். அதை அறிவிப்போடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

அடுத்து மதிப்பீட்டு ஆண்டு. 91ஆம் பிரிவின்படி, ஒரு மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கூடுதல் மதிப்பீடு செய்யலாம். 2018ஆம் மதிப்பீட்டு ஆண்டுக்கு அந்தக் கெடு 31 டிசம்பர் 2023 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மதிப்பிட வேண்டுமானால், மோசடியோ வேண்டுமென்றே செய்த தவறோ கவனக்குறைவோ இருந்ததாக வாரியம்தான் காட்ட வேண்டும். பழைய ஆண்டுகள் பலவற்றை ஒரே கட்டாக மதிப்பிட்டு அனுப்பியிருந்தால், எந்தெந்த ஆண்டுகள் கெடு தாண்டியவை என்பதைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். பல வழக்குகளில் மிக வலுவான வாதம் இதுவாகவே இருக்கிறது.

இரண்டாம் படி: கியூ படிவம்

மேல்முறையீடு கியூ (Q) படிவத்தில் செய்யப்படுகிறது. மன்னிப்புக் கேட்கும் கடிதமோ, கிளை அலுவலகத்தில் அதிகாரியோடு நடத்திய பேச்சோ, "பார்க்கிறோம்" என்ற வாய்மொழிப் பதிலோ மேல்முறையீடாகாது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 30 நாட்கள் ஓடிவிடுவதுதான் நம் வணிகர்களுக்கு நேரும் மிகப் பெரிய இழப்பு. பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஆனால் படிவம் தனியாகவும் முன்னதாகவும் போக வேண்டும்.

படிவத்தில் உங்கள் காரணங்களை எழுதும் பகுதியில் "தொகை அதிகம், குறைக்கவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வரவு வருமானமல்ல, ஏன் அல்ல, எந்த ஆண்டு கெடு கடந்தது, அபராதம் ஏன் பொருந்தாது என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுங்கள். தவறான கணக்குக்கு 113(2) பிரிவின்கீழ் விடுபட்ட வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விதிக்கலாம் என்பதால், வரியைப் பற்றி ஒரு காரணமும் அபராதத்தைப் பற்றி வேறொரு காரணமும் எழுதுவது அவசியம். வரியை ஒப்புக்கொண்டாலும் அபராதத்தை எதிர்க்கலாம்.

30 நாட்கள் கடந்துவிட்டால் "என்" (N) என்ற படிவத்தின் மூலம் காலநீட்டிப்புக் கேட்கலாம். தாமதத்துக்கு நியாயமான காரணமும் அதற்குரிய ஆதாரமும் வேண்டும். மருத்துவமனையில் இருந்தது போன்ற காரணங்கள் எடுபடலாம். கணக்காளர் மறந்துவிட்டார் என்பதை நம்பி இறங்காதீர்கள்.

மூன்றாம் படி: மேல்முறையீடு செய்தாலும் வரியைக் கட்ட வேண்டும்

புதிதாக வருபவர்களை அதிர வைக்கும் விதி இதுதான். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும், 103ஆம் பிரிவின்கீழ் மதிப்பிட்ட வரி 30 நாட்களுக்குள் செலுத்தத்தக்கதாகிவிடுகிறது. செலுத்தாவிட்டால் 10 விழுக்காடு கூடுகிறது. அதன் பிறகு வாரியம் 106ஆம் பிரிவின்கீழ் சிவில் வழக்குத் தொடரலாம். அந்த வழக்கில் "மதிப்பீடு தவறு", "தொகை அதிகம்", "மேல்முறையீடு நிலுவையில் உள்ளது" என்ற வாதங்களை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று அதே பிரிவு தெளிவாகவே கூறுகிறது. 104ஆம் பிரிவின்கீழ் நாட்டைவிட்டு வெளியேறவும் தடை போடலாம். குடும்பத் திருமணத்துக்குச் சென்னை புறப்படும் நேரத்தில் விமான நிலையத்தில்தான் சிலருக்கு இந்தத் தடை தெரியவருகிறது.

ஆகவே கியூ படிவம் கொடுக்கும் அதே வாரத்தில், தவணை முறையில் கட்ட அனுமதி கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். கிடைத்த அனுமதிக் கடிதத்தின்படி ஒரு தவணையும் தவறாமல் கட்டுங்கள். வசூல் வழக்கை நிறுத்தி வைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றாலும், அது எளிதில் கிடைப்பதில்லை. ஜாசானுசா நிறுவனத்துக்கு எதிராக அரசாங்கம் தொடுத்த வழக்கில், வரியை வசூலிக்க வேண்டிய அரசின் தேவையையும், தன்னிச்சையான அல்லது தவறான மதிப்பீட்டிலிருந்து பாதுகாப்புப் பெற வேண்டிய வரி செலுத்துபவரின் தேவையையும் நீதிமன்றம் எடைபோட வேண்டும் என்று கூறப்பட்டது. இவ்வகை விண்ணப்பங்களில் வழக்கறிஞர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இது கடுமையான ஏற்பாடுதான். கையில் ரொக்கம் குறைந்த சிறு கடைக்காரரை, தன் வாதம் சரியாக இருந்தாலும் கைவிட வைக்கக்கூடிய ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

நான்காம் படி: மறுஆய்வுக் காலத்தைக் கோப்புக் கட்டப் பயன்படுத்துங்கள்

கியூ படிவம் கிடைத்த பின் வாரியம் தன் மதிப்பீட்டைத் தானே மறுஆய்வு செய்ய 12 மாதங்கள் உண்டு. அமைச்சர் மேலும் 6 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். இரு தரப்பும் இணங்கினால் வழக்கு இங்கேயே முடியும். பெரும்பாலோர் இந்த மாதங்களைக் காத்திருக்கும் காலமாகக் கழித்துவிடுகிறார்கள். இதைத்தான் நீங்கள் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

நம் மசாலைக் கடைக்காரர் செய்ய வேண்டியதைப் பாருங்கள். வங்கி அறிக்கையில் கேள்விக்குள்ளான ஒவ்வொரு வரவுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது என்று அட்டவணை போட வேண்டும். தந்தையின் இபிஎஃப் பணத்துக்கு அவருடைய இபிஎஃப் அறிக்கையும், அவர் கணக்கிலிருந்து மகன் கணக்குக்குப் பணம் மாறிய வங்கிப் பதிவும் வேண்டும். தம்பி கொடுத்த கடன் ரொக்கமாக வந்திருந்தால் நிலைமை கடினம்: தம்பி எந்த வங்கியிலிருந்து எப்போது எடுத்தார், திருப்பிக் கொடுத்ததற்குப் பதிவு உண்டா, அவருடைய சம்பளம் அவ்வளவு கொடுக்கக்கூடியதா என்ற கேள்விகள் எழும். குடும்பத்துக்குள் கடன் பத்திரம் எழுதுவதை நம்மில் பலர் அவமரியாதையாக நினைக்கிறார்கள். ஆனால் ஆணையர்கள் முன் அந்த ஒரு தாள் இல்லாததால் உண்மையான கடன்கூட விற்பனையாக நின்றுவிடலாம். வணிக ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

மதிப்பீடு மிகையானது அல்லது தவறானது என்று நிரூபிக்கும் பொறுப்பு மேல்முறையீடு செய்பவருடையது என்று அச்சட்டத்தின் 5ஆம் அட்டவணை கூறுகிறது. வாரியம் நிரூபிக்கட்டும் என்று கைகட்டி உட்கார இங்கே இடமில்லை.

தமிழில் எழுதிய கணக்கேடோ கடிதமோ உங்களிடம் இருந்தால் அதைத் தாராளமாக ஆதாரமாக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: சிறப்பு ஆணையர்கள் முன் விசாரணை

இணக்கம் ஏற்படாவிட்டால் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் அனுப்பப்படுகிறது. இவர்கள் மாமன்னரால் நியமிக்கப்படுபவர்கள். வாரியத்தின் அதிகாரிகள் அல்லர். இங்கே உங்களுக்காக வழக்கறிஞரோ வரி முகவரோ அல்லது இருவரும் சேர்ந்தோ வாதிடலாம். வாரியத்தின் சார்பில் அதன் சொந்த வழக்கறிஞர்கள் வருவார்கள்.

சாட்சிகளை விசாரிப்பதும் ஆவணங்களை ஏற்பதும் இங்கேதான் நடக்கின்றன. நம் கடைக்காரரின் தம்பி வந்து சாட்சி சொல்ல வேண்டுமானால் இங்கேதான் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிக்குள் நடந்ததை யாரோ கேள்வி கேட்பதா என்று அவர் வர மறுத்தால், அந்தக் கடன் நிரூபிக்கப்படாமல் போய்விடும். செலவுக் கழிவைப் பற்றிய தகராறு என்றால், அந்தச் செலவு முழுக்கவும் வருமானம் ஈட்டுவதற்காகவே செய்யப்பட்டது என்பதைக் காட்டும் ரசீதையும் அதைச் செய்தவரின் சாட்சியத்தையும் முன்வையுங்கள்.

ஆறாம் படி: உயர்நீதிமன்றம்

ஆணையர்களின் தீர்ப்பு பாதகமாக வந்தால் 21 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். வென்றது நீங்கள் என்றால் வாரியமும் போகலாம். கோலாலம்பூரில் அது ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம்; பினாங்கில் லெபோ லைட்டில் உள்ள பழைய கட்டடம். இரண்டும் மலாயா உயர்நீதிமன்றத்தைச் சேர்ந்தவை.

இங்கே கவனமாக நிதானியுங்கள். உயர்நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது சட்டக் கேள்வி மட்டுமே. தம்பி கடன் கொடுத்தாரா என்பது நடந்த உண்மையைப் பற்றிய கேள்வி. ஆணையர்கள் அதை நம்பவில்லை என்றால், நீதிபதி தம்பியை மறுபடி கூப்பிட்டுக் கேட்க மாட்டார். ஆனால் கெடு கடந்த ஆண்டில் "கவனக்குறைவு" என்ற சொல்லுக்கு ஆணையர்கள் கொடுத்த பொருள் சரியா, நிரூபிக்கும் பொறுப்பை வாரியத்தின்மேல் வைக்க வேண்டிய இடத்தில் உங்கள்மேல் வைத்துவிட்டார்களா என்பவை சட்டக் கேள்விகள். நிலம் விற்றவரின் வழக்கிலும் இப்படியே. எப்போது வாங்கினார், எதற்காக வாங்கினார், எத்தனை முறை விற்றார் என்பவை உண்மைகள். அந்த உண்மைகளை வைத்துப் பார்த்தால் கிடைத்த ஆதாயம் வணிக வருமானமா, அல்லது சொத்து ஆதாய வரிக்கு உட்பட்ட மூலதன ஆதாயமா என்பதில் சட்டம் நுழைகிறது. ஆதாரமே இல்லாமல் ஆணையர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாலோ, நியாயமாகச் சிந்திக்கும் எவரும் எட்ட முடியாத முடிவாக அது இருந்தாலோ, அதுவும் சட்டப்பிழையாகக் கொள்ளப்படும். 1955இல் இங்கிலாந்தில் எட்வர்ட்ஸ் எதிர் பேர்ஸ்டோ வழக்கில் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலை நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன.

எனவே வழக்கறிஞரைச் சந்திக்கும்போது "தீர்ப்பு அநியாயம்" என்று தொடங்காமல், ஆணையர்களின் எழுத்துத் தீர்ப்பை எடுத்துச் சென்று, எந்தப் பத்தியில் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று கேளுங்கள். அப்படி ஒரு பத்தியும் இல்லையென்றால் மேலே போவதில் பயனில்லை என்று அவரே சொல்வார்; அதைச் சொல்லும் வழக்கறிஞரை நம்பலாம். நிறுவனமாக இருந்தால் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மூலமாகவே வழக்கை நடத்த வேண்டும்.

நேரடி வழி ஒன்று உண்டு: நீதிமுறை மறுஆய்வு

வாரியம் தனக்கு அதிகாரமே இல்லாததைச் செய்தது, இயற்கை நீதியை, அதாவது இரு தரப்பையும் கேட்டு நடுநிலையாக முடிவெடுக்கும் முறையை, மீறியது, அல்லது அது நம்பிய சட்டப் பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று சொல்ல முடிந்தால், ஆணையர்களிடம் போகாமல் நேராக உயர்நீதிமன்றத்தில் மறுஆய்வு கோரலாம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53ஆவது ஆணையின்படி இதற்கு 3 மாதக் கெடு உண்டு. முதலில் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். கட்டாயமாகக் கையகப்படுத்திய நிலத்துக்குக் கிடைத்த இழப்பீட்டுக்கு வருமான வரி விதித்ததை விராமுடா நிறுவனம் இவ்வழியில் எதிர்த்தது. வரிச் சட்டத்தின் 4சி பிரிவு, போதிய இழப்பீடு இன்றிச் சொத்தை எடுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 13(2) பிரிவுக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நம் மசாலைக் கடைக்காரரின் வழக்கு போன்ற கணக்குத் தகராறுகளுக்கு இந்த வழி பொருந்தாது. ஆணையர்களிடம் போயிருக்க வேண்டும் என்று அனுமதிக் கட்டத்திலேயே தள்ளுபடியாகலாம். அதற்குள் கியூ படிவத்தின் 30 நாட்களும் போயிருக்கும். மறுஆய்வு கோருகிறவர்களும் கியூ படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்துவைப்பதே நல்லது.

வழியைத் தேர்வதில் இன்னொரு விளைவும் உண்டு. ஆணையர்கள் வழியாக வந்த வழக்கு புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். உயர்நீதிமன்றத்திலேயே தொடங்கிய மறுஆய்வு வழக்குதான், அனுமதி கிடைத்தால், கூட்டரசு நீதிமன்றம் வரை போக முடியும்.

முந்தைய தீர்ப்புகளைத் தேடும்போது

நீதித்துறையின் இணையத்தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். வழக்கு எண் டபிள்யூஏ (WA) என்று தொடங்கினால் அது கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்துடையது, பிஏ (PA) என்றால் பினாங்கினுடையது. அடுத்து வரும் எண் 14 என்றால் வரி மேல்முறையீட்டையும், 25 என்றால் நீதிமுறை மறுஆய்வையும் குறிக்கும். உங்கள் நிலைக்கு ஒத்த தீர்ப்பு கிடைத்தால், முடிவைப் படிப்பதற்கு முன் ஆணையர்கள் எந்த உண்மைகளை நிரூபிக்கப்பட்டதாக ஏற்றார்கள் என்ற பகுதியைப் படித்து, அந்த உண்மைகளுக்குரிய ஆவணங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வரிச் சட்டம் நிதிச் சட்டங்களின் மூலம் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், அந்தத் தீர்ப்பு எந்த மதிப்பீட்டு ஆண்டைப் பற்றியது என்பதையும் பாருங்கள். அப்போதிருந்த பிரிவு இப்போது மாறியிருந்தால், அந்தத் தீர்ப்பைக் காட்டி வாதிடுவதற்கு முன் வழக்கறிஞரிடமோ வரி முகவரிடமோ கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.