இறக்கிய கோப்பு எங்கிருந்து வந்தது?

மேக்கில் இறக்கிய கோப்பு எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பது மறந்துபோனால் மறுபடி தேடி அலைய வேண்டாம். ஃபைண்டரில் அதைத் தேர்ந்தெடுத்து கமாண்ட் + ஐ அழுத்துங்கள். 'மோர் இன்ஃபோ' பகுதியில் 'வேர் ஃப்ரம்' என்ற வரியில் முழு முகவரியும் இருக்கும்.

சஃபாரி, குரோம் போன்றவை இறக்கும்போதே அந்த முகவரியைக் கோப்போடு சேர்ந்த கூடுதல் குறிப்பாக (extended attribute) எழுதிவிடுகின்றன. இது கோப்பின் உள்ளடக்கத்தில் சேராது. துண்டுச்சீட்டு ஒட்டியது மாதிரி தனியாக நிற்கும். அதனால் பெயரை மாற்றினாலும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் கூடவே வரும். ஆறு மாதம் கழித்து அதே பிடிஎஃப்பின் புதிய பதிப்பு தேவைப்படும்போது இதன் அருமை தெரியும்.

டெர்மினலில் கர்ல் (curl) என்ற கட்டளை கொண்டு இறக்கியவற்றுக்கு இந்த வரி இருக்காது. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், பெறுபவருக்குப் பழைய முகவரி போய்ச் சேராது.