விரிதாள்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தேதிகள் பிறழாமல் காப்பது எப்படி

ஒரு பதிவேட்டின் தேதி நெடுவரிசையில் 03/04/2024, 11/04/2024, 17/04/2024 என்று மூன்று பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றும் ஏப்ரல் மாதத் தேதிகள். நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் வைத்து எழுதப்பட்டவை. இதைச் சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பாகச் சேமித்து, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட ஒரு கணினியில் எக்செல் கொண்டு திறந்தால், முதல் பதிவு மார்ச் 4 ஆகிவிடும், இரண்டாவது நவம்பர் 4 ஆகிவிடும், பதினேழாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் மூன்றாவது பதிவைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகவே மென்பொருள் விட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. திரையில் தெரியும் மாற்றமெல்லாம் இவ்வளவுதான்: முதல் இரண்டு பதிவுகளில் முன்னிருந்த பூச்சியங்கள் உதிர்ந்து 3/4/2024, 11/4/2024 என்று செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், மூன்றாவது 17/04/2024 என்று பூச்சியத்தோடு இடப்பக்கம் நிற்கும்.

எழுத்தாகவே நின்றுவிட்ட பதிவைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அது வரிசைப்படுத்தும்போதோ கணக்கிடும்போதோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அஞ்சவேண்டியது, சரியான தேதியைப் போலவே தோற்றமளிக்கும் தவறான தேதியைத்தான். ஓர் ஆண்டின் 365 நாள்களில் நாளின் எண் 12 அல்லது அதற்குக் கீழே இருப்பவை 144. அவற்றுள் 1/1, 2/2 போன்று இடம் மாறினாலும் பொருள் மாறாதவை 12. மீதமுள்ள 132 நாள்களும் சத்தமின்றி வேறு நாள்களாகிவிடக் கூடியவை. உபகரணங்களின் பராமரிப்புப் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் வேலையில் நானே இதில் சிக்கியிருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு உரிய தேதிகளில் சில பல மாதங்கள் தள்ளிப்போயிருந்தன. மூலக் கோப்பைத் தேடிச் சென்றபோது, அதையும் யாரோ ஒருவர் திறந்து பார்த்துவிட்டுச் சேமித்திருந்தது தெரியவந்தது. அன்றிலிருந்து எனக்கு வந்துசேரும் எந்தக் கோப்பையும் முதலில் படியெடுத்து, மூலத்தைப் படிக்க மட்டுமே முடியும்படி பூட்டிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். இந்த வழிகாட்டியின் முதல் படியாக அதையே கொள்ளலாம்.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு முன், தேதி எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரிதாள் மென்பொருள்கள் தேதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள்கள் கடந்தன என்பதே அந்த எண். நேரம் அதன் தசமப் பகுதி. 2024 ஏப்ரல் 3 என்பது எக்செல்லில் 45385. அந்த எண்ணுக்கு மேல் போர்த்தப்பட்ட வடிவமைப்பே நம் கண்ணுக்குத் தேதியாகத் தெரிகிறது. ஆகவே எக்செல்லின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். கோப்பு ஒன்றை ஒரு நாட்டு அமைப்புள்ள கணினியிலிருந்து வேறொரு நாட்டு அமைப்புள்ள கணினிக்கு அனுப்பும்போது எண்ணும் வடிவமைப்பும் சேர்ந்தே செல்கின்றன. பெறுபவரின் திரையில் 03/04/2024 என்பது 4/3/2024 என்று தெரிந்தாலும் உள்ளே இருக்கும் நாள் மாறியிருக்காது. எக்செல்லின் தேதி வடிவமைப்புப் பட்டியலில் நட்சத்திரக் குறியோடு இருக்கும் வடிவங்கள் கணினியின் வட்டார அமைப்புக்கு ஏற்பத் தம் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும்படியே அமைக்கப்பட்டவை. இதைப் பிழை என்று எண்ணிச் சரியான தேதிகளைக் கையால் திருத்தி, உண்மையான பிழையைப் புதிதாக உண்டாக்கிவிடுபவர்கள் உண்டு. ஐயம் வந்தால் அந்தச் செல்லின் வடிவமைப்பை ஜெனரல் என்று மாற்றி, உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். இரண்டு கணினிகளிலும் ஒரே எண் வந்தால் தேதி பத்திரமாக இருக்கிறது.

சி.எஸ்.வி. கோப்பின் நிலை வேறு. அதில் எண்ணும் இல்லை, வடிவமைப்பும் இல்லை, வெறும் எழுத்துகளே இருக்கின்றன. 03/04/2024 என்பதில் முதலில் இருப்பது நாளா மாதமா என்பது எழுதியவரின் மனத்தில்தான் இருந்ததே தவிரக் கோப்பில் எங்கும் பதிவாகவில்லை. அதைத் திறக்கும் மென்பொருள் தன் கணினியின் வட்டார அமைப்பை வைத்து ஊகிக்கிறது. எனவே கோப்பை அனுப்புபவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஊகத்துக்கு இடமே இல்லாத வடிவில் தேதியை எழுதி அனுப்புவதுதான். ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு இலக்கம், நாள் இரண்டு இலக்கம் என்று 2024-04-03 போல எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 முறை 1988-இல் வெளியான பன்னாட்டுத் தரம். பரவலாகப் பயன்படும் விரிதாள் மென்பொருள்கள் இதைச் சரியாகவே புரிந்துகொள்கின்றன. எழுத்தாகவே நின்றுவிட்டாலும் அகரவரிசைப்படி அடுக்கினாலே காலவரிசை கிடைத்துவிடுகிறது. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: எக்செல் சி.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது செல்லின் உள்ளே இருக்கும் மதிப்பை எழுதுவதில்லை, திரையில் தெரிவதையே எழுதுகிறது. நாளும் மாதமும் மட்டும் தெரியும்படி வடிவமைத்திருந்தால் ஆண்டு கோப்புக்குள் போகாமலே தொலைந்துவிடும். சேமிக்கும் முன் அந்த நெடுவரிசைக்கு ஐ.எஸ்.ஓ. வடிவத்தைக் கொடுங்கள், அகலம் போதாமல் ##### என்று தெரியும் செல்கள் இருந்தால் நெடுவரிசையை அகலப்படுத்திவிடுங்கள்.

பெறுபவரின் பக்கம் ஒரே ஒரு விதியை வலியுறுத்துவேன்: சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறக்காதீர்கள். எக்செல்லில் ஒரு வெற்றுப் பணித்தாளைத் திறந்து, டேட்டா பட்டியலில் உள்ள ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி. வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டச் சாளரத்தில் தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தெரிவை அமைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா பொத்தானை அழுத்தினால், தரவை உள்ளே கொண்டுவரும்போதே சீரமைக்க உதவும் எக்செல்லின் பவர் குவெரி திறக்கும். அங்கே தேதி நெடுவரிசையின் தலைப்பை வலது சொடுக்கிட்டு, சேஞ்ச் டைப் என்பதன் கீழே கடைசியில் இருக்கும் யூசிங் லொக்கேல் என்பதைத் தேர்ந்து, வகை தேதி என்றும், வட்டாரம் கோப்பை எழுதியவரின் வட்டாரம் என்றும் குறிப்பிட வேண்டும். நாள் முதலில் வரும் கோப்பாக இருந்தால் ஐக்கிய இராச்சிய ஆங்கிலம் பொருந்தும். இந்த வழியை நான் மற்றவற்றைவிட மேலாக மதிப்பதற்குக் காரணம், தேதியாக மாற்ற முடியாத பதிவுகளைப் பவர் குவெரி எழுத்தாக விட்டு ஒளித்துவைக்காமல் எரர் என்று வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது.

தேதிகள் ஏற்கெனவே எழுத்து வடிவில் விரிதாளுக்குள் வந்துவிட்டிருந்தால் எக்செல்லின் டேட்டா பட்டியலில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் போதும். அதன் மூன்றாவது படியில் டேட் என்பதைத் தேர்ந்ததும் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றின் வரிசையைக் கேட்கும். இங்கே பலரும் தங்களுக்கு வேண்டிய வரிசையைக் கொடுத்துத் தடுமாறுகிறார்கள். கேட்கப்படுவது மூலத்தில் இருக்கும் வரிசை. லிப்ரே ஆபிஸ் கால்க் சி.எஸ்.வி.யைத் திறக்கும்போதே ஓர் இறக்குமதிச் சாளரத்தைக் காட்டுகிறது; முன்னோட்டத்தில் தேதி நெடுவரிசையைச் சொடுக்கி, மேலே நெடுவரிசை வகையில் நாள்-மாதம்-ஆண்டு என்ற தேதி வகையைத் தேர்ந்தால் முடிந்தது. கூகுள் ஷீட்ஸில் ஃபைல் பட்டியலின் செட்டிங்ஸில் உள்ள லொக்கேலை இறக்குமதிக்கு முன்பே கோப்பின் வட்டாரத்துக்கு மாற்றிவையுங்கள். அல்லது இறக்குமதிச் சாளரத்தில் எழுத்தை எண்களாகவும் தேதிகளாகவும் மாற்றும் பெட்டியின் குறியை நீக்கி, எல்லாவற்றையும் எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்து பின்னர் மாற்றிக்கொள்ளுங்கள்.

நாளும் மாதமும் இடம் மாறுவது ஒரு வகைப் பிழை என்றால், எல்லாத் தேதிகளும் ஒரே அளவில் நகர்ந்துவிடுவது இன்னொரு வகை. இதன் வேர் தொடக்க நாளில் இருக்கிறது. எக்செல்லின் வழக்கமான முறையில் 1900 ஜனவரி 1 என்பது 1. மேக் கணினிகளுக்கான பழைய எக்செல் பதிப்புகள் இயல்பாகப் பின்பற்றிய முறையில் 1904 ஜனவரி 1 என்பது 0. இரண்டுக்கும் இடையே 1462 நாள்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும் வேறுபாடு. 1904 முறையில் அமைந்த பணிப்புத்தகத்திலிருந்து செல்களைப் படியெடுத்து 1900 முறையில் உள்ள ஒன்றில் ஒட்டினால் 2024 ஏப்ரல் 3 என்பது 2020 ஏப்ரல் 2 ஆகிவிடும். இப்படி நேர்ந்தால் ஒரு வெற்றுச் செல்லில் 1462 என்று எழுதி அதைப் படியெடுத்து, தேதிகளைத் தேர்ந்து, பேஸ்ட் ஸ்பெஷலில் மதிப்புகளை மட்டும் கூட்டும் தெரிவைப் பயன்படுத்தினால் தேதிகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். எதிர்த் திசையில் நகர்ந்திருந்தால் கழிக்க வேண்டும். எக்செல்லின் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் 1904 முறைக்கான பெட்டி இருக்கிறது. தேதிகள் நிரம்பிய பணிப்புத்தகத்தில் அதை மாற்றினால் எல்லாத் தேதிகளுமே நகர்ந்துவிடும் என்பதால், அதை நிலையைப் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

1900-ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. ஆனால் எக்செல்லுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அதை லீப் ஆண்டாகக் கொண்டிருந்தது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அந்தத் தவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால் எக்செல்லில் 60 என்ற எண், நாள்காட்டியில் இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐக் காட்டும். கால்க்கும் கூகுள் ஷீட்ஸும் 1899 டிசம்பர் 30-ஐத் தொடக்கமாகக் கொள்வதால் 1900 மார்ச் 1 முதல் மூன்றும் ஒரே எண்ணைத் தருகின்றன. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஒரு நாள் வேறுபடும். 1900-க்கு முந்தைய நாள்களை எக்செல் தேதியாகவே ஏற்பதில்லை, கால்க் ஏற்கிறது. பழைய ஆவணங்களின் தேதிகளைக் கையாள்பவர்கள் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் எண்களாக வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டு இலக்க ஆண்டுகளை எங்கே கண்டாலும் நான்கு இலக்கமாக்கிவிடுங்கள். எக்செல்லில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கப்படி 29 என்பது 2029, 30 என்பது 1930. இந்த எல்லை கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறக்கூடியது என்பதால் பிறந்த ஆண்டுகளையும் ஒப்பந்த முடிவு ஆண்டுகளையும் அதன் பொறுப்பில் விட முடியாது. தரவுத்தளத்திலிருந்து நேரத்தோடு வரும் தேதிகளில் நேர மண்டலத்தையும் பார்க்க வேண்டும்: உலகப் பொது நேரத்துக்கு முன்னே இருக்கும் பகுதியில் நள்ளிரவு 12 மணிக்குப் பதிவான தேதி பொது நேரத்துக்கு மாற்றப்பட்டால் முந்தைய நாளுக்குப் போய்விடும், நேரப் பகுதியை வெட்டிவிட்டு நாளை மட்டும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் குறைந்திருக்கும்.

தேதியே அல்லாதவை தேதியாவதும் உண்டு. செப்ட்2, மார்ச்1 போன்ற பெயர்கொண்ட மரபணுக்களை விரிதாள் மென்பொருள் தேதியாக மாற்றிவிடுவது மரபணு ஆய்வுத் தரவுகளை நெடுநாள் பாதித்துவந்தது. மனித மரபணுப் பெயரிடு குழு அப்பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்பதுபோல மாற்றியமைத்து 2020-இல் தன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உங்கள் தரவில் 3-4 போன்ற பகுதி எண்களோ குறியீடுகளோ இருந்தால், அந்த நெடுவரிசையை இறக்குமதியின்போதே எழுத்து வகையாகக் குறித்துவிடுங்கள். மாறிய பிறகு எழுத்தாக்கினால் 3-4 திரும்ப வராது, தொடர் எண்தான் வரும்.

மாற்றம் முடிந்ததும் சரிபார்ப்பு. கவுன்ட் சார்பு எண்களை மட்டும் எண்ணும், கவுன்ட்ஏ நிரம்பிய செல்கள் எல்லாவற்றையும் எண்ணும். தேதி நெடுவரிசையில் இரண்டின் விடையும் ஒன்றாக இல்லையென்றால் சில பதிவுகள் எழுத்தாக நின்றுவிட்டன. பெரும்பாலும் வரிசைக் குழப்பமே காரணம். சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறி ஒட்டியிருக்கும், அது 160 என்ற எண்ணுள்ள குறியாக இருந்தால் டிரிம் சார்பால் நீங்காது, சப்ஸ்டிட்யூட் கொண்டுதான் நீக்க வேண்டும். அடுத்து மின், மேக்ஸ் சார்புகளால் மிக முந்தைய தேதியையும் மிகப் பிந்தைய தேதியையும் பாருங்கள். கடந்தகாலப் பதிவேட்டில் எதிர்காலத் தேதி ஒன்று இருந்தாலே போதும், ஏதோ இடம் மாறியிருக்கிறது. மூலமும் விரிதாளாக இருந்தால் இரண்டு பக்கமும் தேதி நெடுவரிசையின் கூட்டுத்தொகையை எண்ணாக எடுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 1462-ஐப் பதிவுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய விடையாக இருந்தால் 1904 முறையே காரணம் என்று உடனே தெரிந்துவிடும்.

மூலம் தொலைந்து, பாதி மாறிய கோப்பு மட்டுமே கையில் இருந்தால் என்ன செய்வது? எல்லாப் பதிவுகளும் நாள் முதலில் எழுதப்பட்டவை, கோப்பு தவறான அமைப்பில் ஒரே முறைதான் திறக்கப்பட்டது என்ற இரண்டும் உறுதியாகத் தெரிந்தால் மீட்க முடியும். பக்கத்தில் ஒரு புதிய நெடுவரிசையில், உள்ளே இருப்பது எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பர் சார்பு உண்மை என்று சொல்லும் செல்களுக்கு டேட் சார்பின் மாத இடத்தில் அந்தச் செல்லின் நாளையும், நாள் இடத்தில் அதன் மாதத்தையும் கொடுங்கள். எழுத்தாக நிற்கும் செல்களுக்கு வலப்பக்க நான்கு எழுத்துகளை ஆண்டாகவும், நான்காம் எழுத்திலிருந்து இரண்டை மாதமாகவும், இடப்பக்க இரண்டை நாளாகவும் கொடுங்கள். அப்போது மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகும், நவம்பர் 4 ஏப்ரல் 11 ஆகும், எழுத்தாக நின்ற 17/04/2024 உண்மையான தேதியாகும். அந்த இரண்டில் எது உறுதியில்லாவிட்டாலும் சூத்திரத்தை நம்பாமல், ரசீதோ கடிதமோ பதிவு எண்ணோ எது இருக்கிறதோ அதோடு ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட்டே திருத்துங்கள். பழைய நெடுவரிசையை அதுவரை நீக்க வேண்டாம்.