தையல் செக்‌ஷனில் ஒரு சின்ன மாற்றம்: ஊசிப் பெட்டியிலிருந்து தொடங்கலாம்

பனியன் கம்பெனிகளில் மாற்றம் என்றாலே தரையில் மஞ்சள் பெயிண்ட் கோடு, சுவரில் ஃபைவ் எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) போர்டு, எல்லோரையும் நிறுத்தி வைத்து ஒரு மீட்டிங். பையர் ஆடிட், அதாவது ஆர்டர் கொடுத்தவர்களின் சோதனை, முடிந்த மறுவாரம் அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே பண்டில் (தைக்க வேண்டிய துணிக் கட்டு) அடுக்கியிருக்கும். கோடு போட்டவருக்கு வேண்டியது அது; மிஷினில் உட்கார்ந்திருப்பவர் கேட்டது வேறு.

லைன் சூப்பர்வைசரோ மூத்த டெய்லரோ, முதலாளியிடம் பணம் கேட்காமல், தன் கை எட்டும் தூரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி அதை நிலைக்க வைப்பது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம். உதாரணத்துக்கு நீடில் ஹோலை, அதாவது தைக்கும்போது ஊசி துணியின் கண்ணியை அறுத்து விழும் ஓட்டையை, எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் டீ-சர்ட் தைக்கும் எந்த யூனிட்டுக்கும் தெரிந்த தலைவலி அது.

எதைத் தேர்ந்தெடுப்பது

மூன்று கேள்வி போதும். செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்குமா? பலன் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியுமா? அந்தப் பலனில் டெய்லருக்கும் ஏதாவது கிடைக்குமா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அதைத் தொடவே வேண்டாம். கம்பெனிக்கு மட்டும் லாபம் தரும் மாற்றம், நீங்கள் லீவு போட்ட அன்றே நின்றுவிடும்.

நீடில் ஹோல் மூன்றிலும் தேறும். ஓட்டை விழுந்த பீஸைச் சும்மா ஆல்டர் செய்ய முடியாது. தையலை அவிழ்த்து, அந்தப் பேனலையே (வெட்டிய துணித் துண்டையே) மாற்றித் திரும்பத் தைக்க வேண்டும். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட்டில் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. மாற்ற பேனல் இல்லையென்றால் பீஸ் செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) ஆகி, அதை மலிவாக விற்கும் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போகும்.

முதலில் எண்ணுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். எண்ண மட்டும் செய்யுங்கள். செக்கிங் டேபிளின் ஓரத்தில் ஒரு அட்டையை ஒட்டி, மிஷின் நம்பர் ஒரு பக்கம், டீ டைம், சாப்பாட்டு நேரம் என்று ஷிப்டைப் பிரித்து நான்கு கட்டம் போட்டுவிடுங்கள். செக்கிங் செய்பவர்களிடம், "அக்கா, தையல் ஓரத்துல ஓட்டை வந்தா அந்த நம்பருக்கு நேரா ஒரு கோடு மட்டும் போட்டுருங்க, வேற ஒண்ணும் எழுத வேண்டாங்க" என்றால் செய்வார்கள். ரிஜிஸ்டர் கொடுத்துப் பத்து கட்டம் நிரப்பச் சொன்னால் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்து மனக்கணக்கில் நிரப்புவார்கள்.

தையலிலிருந்து தள்ளி, துணியின் நடுவில் இருக்கும் ஓட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பெரும்பாலும் நிட்டிங்கில் வந்தது. நீடில் ஹோல் தையலை ஒட்டியே வரும். தைக்கும்போது தெரியாமல், அயர்னிங்கிலோ துவைத்த பிறகோ வாயைத் திறப்பதும் உண்டு. சந்தேகமாக இருந்தால், அதே துணியின் வேஸ்டில் இரண்டு மடிப்பாக ஒரு சாண் தைத்து, தையலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். கண்ணி அறுந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை அட்டையைப் பாருங்கள். கோடுகள் ஒன்றிரண்டு மிஷினிலேயே குவிந்திருந்தால், ஊசி முனை மழுங்கியிருக்கும். புது ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால், முன்பு எப்போதோ உடைந்த ஊசி நீடில் பிளேட்டில் (ஊசி இறங்கும் துளையுள்ள தகட்டில்) கீறல் போட்டிருக்கும். மெக்கானிக் அதைத் தேய்த்துத் தர வேண்டும். எல்லா மிஷினிலும் பரவலாக வந்தால் ஊசி நம்பரைச் சரிபாருங்கள். 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வரையுள்ள சிங்கிள் ஜெர்சிக்கு, அதாவது மெல்லிய டீ-சர்ட் துணிக்கு, 9 அல்லது 10-ம் நம்பர் பால் பாயிண்ட் (முனை உருண்ட ஊசி) போதும். ஃப்ளீஸ் என்ற தடித்த துணியைத் தைத்த 14-ம் நம்பர் ஊசியை மாற்றாமலே அடுத்த ஆர்டரை ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஊசியும் சரி, நம்பரும் சரி, ஆனாலும் ஓட்டை என்றால், துணி வறண்டு கிடக்கிறது, சாஃப்ட்னர் (துணியை மிருதுவாக்கும் மருந்து) போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அது உங்கள் கைக்கு எட்டாத விஷயம். சாம்பிள் பீஸோடு மெர்ச்சண்டைசரிடம் (ஆர்டரைக் கவனிப்பவரிடம்) கொடுத்துவிட்டு வேறு வேலையை எடுங்கள்.

கோடுகள் கடைசிக் கட்டத்தில், அதாவது சாயங்காலம், கூடுதலாக விழுந்திருந்தால் ஊசி அதன் ஆயுளைத் தாண்டி ஓடுகிறது. டெய்லருக்கு அது தெரியாமல் இல்லை. புது ஊசி வேண்டுமென்றால் மிஷினை நிறுத்தி, ஊசிப் பெட்டி இருக்கும் மேசை வரை நடந்து, பழையதைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுத் திரும்ப வேண்டும். போய்வரும் நேரத்தில் எத்தனை பீஸ் போகும் என்று அவர் கணக்குப் போடுகிறார். அதனால்தான் மழுங்கிய ஊசியிலேயே ஓட்டுகிறார்.

மாற்றம் இவ்வளவுதான்

டெய்லர் பெட்டியிடம் போகாமல், பெட்டி டெய்லரிடம் வரட்டும். காலை டீ டைமுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஊசிப் பெட்டியையும் ரிஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் லைனில் நடக்க வேண்டும். ஒவ்வொரு மிஷினிலும் ஊசி முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். கீறினால் மாற்ற வேண்டியதுதான். பவரை அணைத்த பிறகே ஊசியில் கை வைக்க வேண்டும். கீறாவிட்டாலும், எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுவது நல்லது. பழைய ஊசியை வாங்காமல் புதியதைக் கொடுக்கக் கூடாது. உடைந்திருந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகே அடுத்த ஊசி. ஒரு துண்டு காணாமல் போனாலும் அந்த பண்டிலை ஒதுக்கி, மெட்டல் டிடெக்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் அவசரம் காட்டினால் மொத்த ஷிப்மென்ட்டும் மாட்டிக்கொள்ளும்.

லைன் முழுக்க ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். அட்டையில் கோடு அதிகம் விழுந்த இரண்டு மிஷின், அதே துணி, ஆறு நாள். கூடவே பண்டில் வைக்க ஸ்டூல், புது லைட் என்று சேர்த்துவிட்டால் எதனால் ஓட்டை குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கே கெடும்

பெரும்பாலும் ரேட்டில். 'பீஸ் கூடினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள்' என்று டெய்லர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. அதனால் சோதனையைத் தொடங்கும் முன்பே, இந்த ஆர்டர் முடியும்வரை ரேட்டில் கை வைப்பதில்லை என்று முதலாளியையோ கான்ட்ராக்டரையோ லைனில் வைத்தே சொல்ல வைக்க வேண்டும். அந்த வார்த்தை கிடைக்காவிட்டால் சோதனையைத் தள்ளிப் போடுங்கள். ஒருமுறை ஏமாந்த லைன், அடுத்த முறை அட்டையில் கோடே விழாதபடி பார்த்துக்கொள்ளும்.

அட்டையில் டெய்லர் பெயர் எழுதுவது இன்னொரு பிழை. மிஷின் நம்பர் மட்டும் போதும். பெயர் வந்தால் ஓட்டை பீஸ் செக்கிங்குக்குப் போகாமல் வேஸ்ட் மூட்டைக்குள் போகும். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருக்கும் லைனில் தமிழ் நோட்டீஸால் பயனில்லை. ஓட்டை பீஸ் ஒன்றையும் நல்ல பீஸ் ஒன்றையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் யாருக்கும் புரியும்.

ஷிப்மென்ட் நெருக்கி ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்திலும், தீபாவளி போனஸ் பேச்சு நடக்கும் நாட்களிலும் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். அப்போது எந்தப் பேச்சும் போனஸ் பேச்சாகவே காதில் விழும்.

வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் வழி இதேதான். கோவை லேத் பட்டறையில் ஆலன் கீ தேடும் நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பார்த்து, பிளைவுட் பலகையில் ஒவ்வொரு டூலின் உருவத்தையும் வரைந்து மாட்டலாம். சோமனூர் பக்கத் தறிக்கூடத்தில் எந்தத் தறி எதனால் நிற்கிறது என்பதைத் தறிக் காலிலேயே சாக்பீஸில் கோடு போட்டு எண்ணலாம்.

முதலாளியிடம் காட்டும்போது இரண்டு வார அட்டைகளையும் நான்கு ஓட்டை பீஸையும் மேசைமேல் வையுங்கள். புதிதாகச் செலவான ஊசி எத்தனை, மாற்றாமல் தப்பிய பேனல் எத்தனை என்ற இரண்டு எண்களையும் அட்டையின் கீழேயே எழுதிக் கொண்டு போங்கள். எண் குறையவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்பே சோதனையை நிறுத்திவிடுங்கள். குறைந்திருந்தால் அடுத்த ஆறு நாளுக்கு நான்கு மிஷின். அட்டை மட்டும் செக்கிங் டேபிளிலேயே இருக்கட்டும். துணி மாறும்போது திரும்பவும் எண்ண வேண்டியிருக்கும்.