வெள்ளிக் கரண்டிப் பெட்டி: வெளியே பழைய மாதிரி, உள்ளே வேண்டாம்

பழைய பெட்டியைப் பார்த்துச் செய்பவர்கள் உள்ளே ஒட்டியிருக்கும் பச்சைக் கம்பளித் துணியையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறார்கள். கம்பளியில் கந்தகம் உண்டு. வெள்ளியைக் கறுக்க வைப்பதே கந்தகம்தான். ஆகவே வெளித்தோற்றத்தை மட்டும் பழைய மாதிரி செய்யுங்கள்.

தேக்கு, பலா, முதிரை மூன்றும் பொருந்தும். புது முதிரையை ஏற்றிவர அனுமதிப்பத்திரம் வேண்டும். திருகோணமலையில் பழைய கதவு, கட்டில் மரம் தேடுவதே சுலபம். பலகையை நிழலில் அடுக்கி வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம்.

ஆறு பேருக்கான கரண்டி, முள்ளு, கத்திக்கு உள்ளளவு 36 × 26 × 8 செ.மீ. போதும். 12 மி.மீ. தடிப்பில், 10.5 செ.மீ. உயரத்தில், 38.4 செ.மீ. நீளப் பலகை இரண்டு, 28.4 செ.மீ. பலகை இரண்டு. மூலைகளுக்குப் புறாவால் மூட்டு (புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் இணைப்பு), பற்களின் சரிவு 1:8. மூடியைத் தனியாகச் செய்யாதீர்கள். பெட்டியை முழுவதும் மூடி ஒட்டி, காய்ந்தபின் மேலிருந்து 3.5 செ.மீ. விட்டுச் சுற்றி அறுத்தால் மூடியும் அடியும் பிசகாமல் பொருந்தும். அறுக்கும் கோட்டில் வரும் முளை (வால்களுக்கு இடையில் புகும் பல்), இரண்டு ஓரமுளைகளின், அதாவது பலகையின் விளிம்பில் வரும் முளைகளின், அகலமும், வாள் தின்னும் 3 மி.மீ.யும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இதை மறந்தால் அறுத்தபின் மூட்டு மெலிந்துபோகும்.

மேல், அடிப் பலகைகளை 5 மி.மீ. ஆழக் காடியில் பசையில்லாமல் மிதக்க விடுங்கள். வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் வெட்டினால் அகலவாட்டில் பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், மாரியில் மரம் ஏற்கெனவே ஊதியிருக்கும், 1 மி.மீ. போதும். இறுக்கமாகப் பொருத்திய பலகை அடுத்த வாடை மழையில் ஊதி மூலையைப் பிளக்கும்.

பிணைச்சலும் திருகாணியும் பித்தளையாக இருக்கட்டும். திருகாணித் தலையில் ஒற்றைக் கோடுதான் இருக்க வேண்டும். நட்சத்திரத் தலை கள்ளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றிக் கழற்றிவிட்டுப் பித்தளையை இறக்குங்கள். நேரடியாக முறுக்கினால் தலை முறியும்.

பொலிஷுக்கு 250 மி.லீ. ஸ்பிரிட்டில் 50 கிராம் அரக்குச் செதில். மெல்லிய பூச்சாக எட்டுத் தடவை, வெளிப்புறம் மட்டும். மழைநாளில் பூசினால் வெண்மை படரும். வெயில் ஏறிய நண்பகலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாகத் தடவ மறையும்.

உள்ளே வெளுத்த பருத்தி பிளானல். அதை மெல்லிய மரத்துண்டுகளில் இழுத்துச் சுற்றி, துண்டுகளைப் பெட்டிக்குள் இறுக்கிச் செருகுங்கள், பசை வேண்டாம். இறப்பர் பசை, இறப்பர் பட்டி இரண்டிலும் கந்தகம் உண்டு. துணியில் சந்தேகமென்றால் மினுக்கிய வெள்ளித் துண்டு ஒன்றையும் துணித்துண்டையும் ஈரப்பஞ்சோடு கண்ணாடிப் போத்தலில் நாலு வாரம் மூடி வையுங்கள். வெள்ளி மஞ்சளித்தால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.