ஓட்டோவில் ஏறும் கடை: கொழும்புச் சந்தைகளில் கைவினைப் பொருள் விற்கத் தொடங்குபவர்களுக்கு

முதல் சந்தைக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் 6 அடிச் சாப்பாட்டு மேசையை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். வெள்ளவத்தையில் காலை ஆறு மணிக்கு மூன்று ஓட்டோக்காரர்கள் மேசையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போய்விட்டார்கள். நாலாவது ஆள், "தங்கச்சி, இதுக்கு லொறிதான் வேணும்" என்றார். கடைசியில் ஒரு சின்ன வான் பிடித்தேன். பழைய சேலைத் துண்டுகளில் நான் தைத்த பர்ஸ்களில் அன்று கிடைத்த இலாபம் முழுக்க அந்த வான்காரருக்கே போனது.

அதனால் இந்தச் செய்முறை ஓட்டோவின் பின் இருக்கையிலிருந்து தொடங்குகிறது. கடையின் எந்தத் துண்டும் 3 அடிக்கு மேல் நீளக்கூடாது. மற்ற அளவுகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

1. விற்கப் போகுமுன் வெறும் கையோடு போங்கள்

ரேஸ்கோர்ஸில் சனிக்கிழமைகளில் கூடும் குட் மார்க்கெட்டை ஒரு தரம் சுற்றி வாருங்கள். 2012இல் தொடங்கிய சந்தை அது. விண்ணப்பித்து, பொருளைக் காட்டி, அனுமதி பெற்றவர்கள்தான் அங்கே விற்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் கிரீன் பாத்தில் நடக்கும் கலா பொல 1993இல் ஆரம்பித்தது. ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்குமான இடம். ஆனாலும் மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் படங்களைக் கண் உயரத்தில் தொங்கவிடும் வித்தையை அங்கேதான் படிக்கலாம். தொடக்கத்துக்குப் பாடசாலை விழாவும் தேவாலய மண்டபத்தில் நடக்கும் நத்தார் சந்தையும் போதும். வாடகை குறைவு, வருபவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள்.

ஏற்பாட்டாளரிடம் மூன்றே கேள்விகள்: இடம் எத்தனை அடி, மேலே கூரை இருக்கிறதா, மேசை தருவார்களா? மேசை தருவதாகச் சொன்னாலும் அதன் உயரத்தைக் கேட்டு வையுங்கள்.

2. மேசை

அரை அங்குலப் பிளைவுட் ஒரு தாள் 8க்கு 4 அடி. அதில் 3 அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். பக்கத்துப் பக்கம் வைத்தால் 6 அடி மேசை. மிச்சத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு நீளப் பட்டி வரும். தட்டுகளுக்கு வேண்டியதால் எறிந்துவிடாதீர்கள். ஹாட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் வாங்கினால் அங்கேயே வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் கைவாளால் வெட்டி நான் பட்ட பாடு தனிக்கதை.

ஏணி போல விரிந்து மடியும் கால்கள் மூன்று வேண்டும். உயரம் 30 அங்குலத்துக்கு அரை அங்குலம் குறைவு. இரண்டு ஓரத்துக்கு, ஒன்று நடுவில் பலகைகள் சேரும் இடத்துக்கு. நடுக்கால் இல்லாமல் ஒப்பேற்றலாம் என்று ஆசை வரும். ஒரு பெண்மணி கைப்பையை மேசையில் வைத்துவிட்டுக் காசு தேடும்போதுதான் அது எவ்வளவு பிழை என்று விளங்கும். இந்தக் கால்களை நீங்களே செய்யப் போகாதீர்கள், தச்சுவேலை பாஸ் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மேசையைச் சுற்ற ஒரு பழைய பருத்திச் சேலை. 45 அங்குல அகலத்தில் 30 தரை வரை இறங்கும், 15 மேசை மேல் மடங்கிக் கிடக்கும். 18 அடி நீளத்தில் முன்புறமும் இரு பக்கங்களும் 11 அடியை எடுக்கும், மிச்சம் 7 அடி கொசுவத்துக்கு. பெட்டி, பை, சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு நிறச் சேலைதான் நல்லது. பூப்போட்ட சேலை மேல் பூப்போட்ட பர்ஸை வைத்தால் இரண்டும் தெரியாது.

3. பின்சட்டம்

ஒரு அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப்பில் 3 அடித் துண்டுகள் ஆறு, சொக்கெட் மூன்று, எல்போ இரண்டு. ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு துண்டை ஒரு சொக்கெட்டால் இணையுங்கள். மேல்சட்டத்துக்கும் அப்படியே. மூலைகளில் எல்போ. கம் பூச வேண்டாம், பூசினால் மறுபடி கழற்ற முடியாது. தூண்களை மேசையின் ஓரக் கால்களோடு கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.

இதில் மெல்லிய துணியும் தோட்டு அட்டைகளும் மட்டும் தொங்கட்டும். கனமான பை மாட்டினால் நடு வளைந்துவிடும். காற்றுக்கு 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூண்களின் அடியில் கட்டுங்கள். ஒவ்வொன்றும் 5 கிலோ நிறை. போகும்போது வெறும் போத்தல், அங்கே போய் நிரப்பலாம்.

கூரையில்லாத இடமென்றால் இரண்டு தறப்பாள் எடுத்துப் போங்கள். ஒக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் இடியோடு கொட்டும். ஒன்று சாமான்களின் மேல் போட, மற்றது தரையில் இருக்கும் பெட்டிகளுக்கு.

4. பரப்பாதீர்கள், அடுக்குங்கள்

தொடக்கக்காரர் எல்லோரும் செய்யும் பிழை, 40 பர்ஸையும் மேசையில் பாயாக விரிப்பது. நடந்து போகிறவருக்கு 10 அடித் தூரத்திலிருந்து வெறும் மேசைதான் தெரியும். பிளைவுட் மிச்சப் பட்டியில் 3 அடித் தட்டுகள் இரண்டை வெட்டி, பழக்கடை மரப்பெட்டிகள் மேல் படி போல வையுங்கள். பின் தட்டு கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்துக்கு வரவேண்டும். மிக அழகானது மேலே, கை நீட்டித் தொட்டுப் பார்க்கும் சின்னச் சாமான் முன்னால். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை மட்டும் காட்சிக்கு வையுங்கள். "வேற கலர் இருக்கா?" என்று வாய் திறந்தாலே பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

விலை அட்டை இல்லாத பொருளைப் பலர் கேட்காமலே கடந்துவிடுவார்கள், கேட்க வெட்கம். பொருளின் பெயரை மூன்று மொழியிலும் எழுதி, விலையைப் பெரிய இலக்கத்தில் போடுங்கள்.

5. விலை

இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பர்ஸுக்குத் துணி, சிப், உள்துணி, அட்டை எல்லாம் 250 ரூபா. தைக்க முக்கால் மணித்தியாலம். உங்கள் மணிக்கூலி 400 என்றால் 300. ஆக 550. இதோடு நிற்பவர்கள்தான் நட்டப்படுகிறார்கள். இடவாடகை, ஓட்டோ, தேத்தண்ணி சேர்த்து அன்றைய செலவு 6,000 என்றால், 40 விற்றால் ஒன்றுக்கு 150 ஏறும், 20தான் விற்றால் 300. முதல் சந்தையில் 20 என்றே கணக்குப் போடுங்கள். விலை 850 வரும். அம்மா "இந்தத் துணிக்கு 850ஆ?" என்பார். சொல்லட்டும்.

சிங்களத்தில் "கீயத?" (எவ்வளவு?) என்பதற்கு அடுத்து "அடு கரன்ன பெரித?" (குறைக்க முடியாதா?) கட்டாயம் வரும். ஒன்றுக்குக் குறைக்காதீர்கள். இரண்டு எடுத்தால் 100 ரூபா கழிப்பேன் என்று சிரித்துச் சொல்லுங்கள்.

6. அன்றைய நாள்

காலையில் முதல் வாடிக்கையாளர் 5,000 ரூபாத் தாளைத்தான் நீட்டுவார். மாற்றுக்காசாக 100, 500 தாள்களை முந்தின நாளே வங்கியில் மாற்றி, இடுப்புப் பையில் வையுங்கள், மேசையில் வேண்டாம். போனால் ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்ப லங்கா கியூஆர் அட்டையும் வைத்திருங்கள். காசு வந்த குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வரும்வரை பொருளைக் கொடுக்காதீர்கள். தொடர்ந்து விற்பதாக முடிவெடுத்தால், வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிடுங்கள்.

கதிரையில் உட்கார்ந்து போன் பார்க்கிறவரிடம் யாரும் வாங்குவதில்லை. நின்றுகொண்டு கையில் ஏதாவது தைத்துக்கொண்டிருங்கள். ஊசியைப் பார்த்தே ஆட்கள் கிட்ட வருவார்கள்.

ஒரு சின்னக் கொப்பியில் விற்றதை எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, எடுத்துப் பார்த்துவிட்டு எதைத் திரும்ப வைத்தார்கள் என்றும் எழுதுங்கள். என் நீலப் பர்ஸை ஒன்பது பேர் எடுத்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் சிப் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது.